அடீனியம் விதைப் பெட்டி: விதைக்குக் காசு கொடுக்கலாம், பெட்டிக்கு வேண்டாம்

ஒன்லைனில் விற்கும் பாலைவன ரோசா, அதாவது அடீனியம், விதைப் பெட்டிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சு. மூடியில் ஐந்தாறு நிறத்தில் பூப்படம். உள்ளே பத்து விதையோடு ஒரு சிறு பொலித்தீன் உறை, அமுக்கிக் காயவைத்த தும்புத்தூள் வில்லை நாலைந்து, விரலளவு உயரத்தில் பிளாஸ்டிக் சாடிகள், உள்ளே இருப்பது தெரியும் மூடியுள்ள ஒரு தட்டு, அரைப்பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி. திருகோணமலைக்குக் கூரியரில் வந்து சேர்வதில் சிரமமில்லை. வந்த பிறகுதான் சிரமம்.

விதை புதிதாக இருந்தால் அந்த விதைக்காக மட்டும் வாங்கலாம். மற்றவை பெட்டி நிறைந்து தெரிவதற்காக வைத்தவை. இரண்டு சாமான் கெடுதலும் செய்யும். ஆவணியிலிருந்து மார்கழி வரை இங்கே யாரும் வாங்கவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

முதலில் விதை. உறையைப் பிரித்து ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்டிய நீளம், சீரகத்தைப் பெருப்பித்ததுபோல மெல்லிய உருளை, வெளிர் மண்ணிறம். எருக்கலை விதைக்கு ஒரு முனையில்தான் பஞ்சு இருக்கும். அடீனியத்துக்கு இரண்டு முனையிலும் பொன்னிறப் பஞ்சுக் குஞ்சம். காற்று தூக்கி, நிலத்தில் உருட்டிக்கொண்டு போவதற்கான ஏற்பாடு. விற்பனைக்கு வரும்போது பெரும்பாலும் பஞ்சை உதிர்த்துவிடுவார்கள், அதனால் குறை ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது உடம்பை. நகத்தால் மெல்ல அமுக்கினால் நல்ல விதை எதிர்த்து நிற்கும். சப்பையாக அமுங்கினால் உள்ளே பருப்பு இல்லை, அல்லது வற்றிவிட்டது. பத்தில் மூன்று இப்படி இருந்தால் படம் எடுத்து, விதைப்பதற்கு முன்பே விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். விதைத்த பிறகு சொன்னால் "தண்ணீர் கூடிவிட்டது" என்றுதான் பதில் வரும்.

காயிலிருந்து எடுத்த புதிசில் அடீனியம் விதை பத்துக்கு எட்டு, ஒன்பது முளைக்கும். சாதாரண அறை வெக்கையில் மாதங்கள் போகப் போக அது இறங்கிக்கொண்டே வரும். நெல்லுப்போல அடுத்த போகத்துக்கென்று வீட்டு மூலையில் கட்டி வைக்கிற விதையல்ல. பெட்டிகளில் அச்சிட்டிருப்பது பொதி செய்த திகதி, அல்லது இத்தனை வருடத்துக்குள் விதைக்கவும் என்ற வரி. இரண்டும் பயனற்றவை. காய் வெடித்தது எப்போது என்பதுதான் கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லும் விற்பனையாளரிடம் பூப்படமே இல்லாத கடதாசிச் சுருளில் வாங்கினாலும் அது நல்ல பண்டம்.

வில்லையும் மூடியும்தான் அந்தக் கெடுதல் செய்யும் இரண்டு சாமான். தும்புத்தூள் வில்லை தண்ணீரில் ஊறி நாலைந்து மடங்கு உப்பும், சுற்றிவர ஒரு மெல்லிய வலை இருக்கும். மிளகாய், தக்காளி நாற்றுக்கு அது சரி. அடீனியத்துக்குத் தும்புத்தூள் தனியாக வேண்டவே வேண்டாம். ஒருதரம் ஊறினால் நாலு நாள் உள்ளே ஈரம் நிற்கும். மேலே மூடியும் போட்டால் காற்றும் ஓடாது. நாற்றழுகல் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்? முளைத்து எட்டு, பத்தாம் நாளில் அது வேலையைக் காட்டும். முதல்நாள் மாலை நிமிர்ந்து நின்ற கன்று விடியச் சாய்ந்து கிடக்கும். முதலில் விரிந்த இரண்டு வித்திலையும் பச்சையாகவே இருக்கும், வாடின குறியே இல்லை. குனிந்து பார்த்தால் மண்மட்டத்தில் மட்டும் தண்டு நீர்கோத்து, கண்ணாடிபோல ஒளி ஊடுருவி, நூலாக இளைத்திருக்கும். அந்தக் கன்று இனிப் பிழைக்காது. பக்கத்துக் கன்றையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் சாய்ந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு கிள்ளி எறிந்து, மூடியைக் கழற்றி, தண்ணீரை நிறுத்தி, கப்டான் போன்ற பூஞ்சணக் கொல்லியைப் பொதியில் எழுதிய அளவில் கரைத்து ஊற்ற வேண்டும்.

வில்லையைச் சுற்றியுள்ள வலைக்கு இன்னொரு குணம். ஆணிவேர் அதைத் துளைக்க முடியாமல் உள்ளேயே சுருளும். அடீனியத்தை விதையில் வளர்ப்பதே அடி பருப்பதற்காகத்தான்; தடியில் பதி வைத்தால் பூக்கும், ஆனால் அந்தக் குண்டு அடி ஒழுங்காக வராது. அதை உண்டாக்கும் வேரைப் பிறந்த கிழமையிலேயே வலைக்குள் அடைப்பது என்ன கணக்கோ. வில்லையைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் வலையைக் கிழித்துவிட்டுத் தூளை மணலோடு கலந்துகொள்ளுங்கள்.

பெட்டிச் சாடிகளைவிட ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் பெட்டி எவ்வளவோ மேல். பத்து விதைக்கு ஒன்று போதும். சூடாக்கிய ஆணியால் அடியில் பன்னிரண்டு, பதினைந்து துளை. அரை லீற்றர் ஆற்றுமணல், கால் லீற்றர் தும்புத்தூள், கால் லீற்றர் கருக்கிய உமி. உமிக்குத் தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலைகள் இருக்கின்றன. கறுப்பாகும் வரைதான் கருக்க வேண்டும், வெள்ளைச் சாம்பலாக விடக்கூடாது. சாம்பல் மண்ணைக் காரமாக்கும், துளையையும் அடைக்கும். மணலை அரிதட்டில் போட்டுத் தூசியைக் கழித்து, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரையான பருமணலை வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் நாலெட்டில் கிடக்கிறதே என்று அள்ளி வர வேண்டாம்: உப்பும் உண்டு, மணியும் மிகச் சிறியது. தும்புத்தூளையும் வாளியில் ஊறவைத்து, தேயிலைச் சாயம்போல வரும் தண்ணீர் வெளிறும் வரை இரண்டு மூன்று தரம் பிழிந்து ஊற்ற வேண்டும்; உவர்நீரில் ஊறிய மட்டையில் எடுத்த தூளென்றால் உப்பு அதிலேயே தங்கியிருக்கும். கலந்து நிரப்பிய பிறகு கேத்தல் நிறையக் கொதிநீரை மேலே ஊற்றி ஆறவிடுங்கள். பூஞ்சணத்துக்கு அது முதல் அடி.

துண்டுக் கடதாசி "ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றவும்" என்றால் நம்பாதீர்கள். விதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் மூன்று நாலு மணித்தியாலம் ஊறவைத்து, படுக்கைவாட்டில் வைத்து, மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீற்றர் கனத்துக்கு மணலைத் தூவினால் முடிந்தது. விதைக்கு விதை மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி. பிறகு பெட்டியை ஒரு தட்டத்துத் தண்ணீரில் இருத்தி, மேல்மணல் கறுக்கும் வரை அடியால் உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேலால் ஊற்றினால் விதை மிதந்து ஒரு மூலைக்கு ஒதுங்கும். முளைக்கும் வரை மேலே ஒரு பொலித்தீன் தாளை ஒரு பக்கம் விரலளவு திறந்தபடி போட்டு வைக்கலாம். விதை விரும்பும் சூடு 27 முதல் 32 பாகை செல்சியஸ் வரை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை, விறாந்தை போதும். புதிய விதை நாலாம் நாளிலிருந்து தலைகாட்டும், பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டு கிழமை தாண்டியதைக் கிளறிப் பார்த்தால் கூழாகத்தான் இருக்கும்.

சில கன்றுகள் விதைத்தோலைத் தொப்பிபோலப் போட்டுக்கொண்டே எழும்பும். இழுக்க வேண்டாம், வித்திலையோடு குருத்தும் கழன்று வந்துவிடும். காலையும் மாலையும் ஒரு துளி தண்ணீர் வைத்து நனைத்தால் இரண்டு நாளில் தானாக விழும்.

முளைத்தவுடன் பொலித்தீனை எடுத்துவிட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, இரண்டு மூன்று கிழமையில் படிப்படியாக முழு வெயிலுக்குப் பழக்குங்கள். இருட்டு மூலையில் விட்டால் நூல்போல நீளும், அடி பருக்காது. மேல்மணல் காய்ந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே இலேசான ஈரம் இருக்கும்போது அடுத்த தண்ணீர். பாலைவனச் செடிதானே என்று கன்றைக் காயப்போடுவது பெட்டிக் கடதாசி கற்றுக்கொடுக்கும் இன்னொரு பிழை. அடீனியம் வெறும் மணற்காட்டுச் செடியல்ல. சகாராவுக்குத் தெற்கே, கிழக்கு ஆபிரிக்காவில், அரேபியாவின் தென்புறத்தில், மழைக்காலமும் வறட்சியும் மாறி மாறி வரும் இடங்களில் வளர்வது. பெயரே ஏடன் துறைமுகத்திலிருந்து வந்தது. தாவரவியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கோல் யேமனில் கண்டு எழுதிய குறிப்பு அவர் இறந்தபின் 1775 இல் வெளியானபோது அதற்கிருந்த பெயர் நீரியம் ஒபேசம். நம் வாயில் சொன்னால் குண்டு அலரி. பொருத்தமான பெயர்தான், அலரிக் குடும்பமேதான் இது. வெயில் காலத்தில் தண்ணீரை வாங்கி அடியில் சேர்த்து வைக்கும். வெயிலில்லாத நாளில் அதே தண்ணீரால் அழுகும். தண்ணீரின் அளவைவிட அது ஓடி வடிவதும், மேலே வெயில் இருப்பதும்தான் பெரிது.

வித்திலைக்கு மேலே நாலு உண்மையிலை வந்த பிறகு பசளை. அல்பர்ட் கரைசல் என்ற நீரில் கரையும் பசளையைப் பொதியில் சொன்ன அளவில் காற்பங்காகக் கலந்து பத்து நாளுக்கு ஒருதரம் கொடுத்தால் போதும். யூரியா போட்டால் இலை கொழுக்கும், அடி மெத்தென்றாகும். ஆறிலிருந்து எட்டு இலை வந்ததும், அதாவது ஏறக்குறைய ஆறு எட்டுக் கிழமையில், பத்துச் சென்ரிமீற்றர் வாய் உள்ள சாடிக்கு மாற்றலாம். அப்போது கலவையில் தும்புத்தூளைக் குறைத்து, பட்டாணி அளவு செங்கல் துண்டும் ஒரு பிடி கூட்டெருவும் சேருங்கள். தண்ணீர் கிணற்றுத் தண்ணீரென்றால் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் உவர் தட்டும் கிணறு இருந்தால் கன்றுக்கு அது வேண்டாம். இலை நுனி கருகுவதுதான் முதல் அடையாளம்.

இனி மாதக் கணக்கு. பெட்டிக் கடதாசியில் "வருடம் முழுவதும் விதைக்கலாம்" என்று இருக்கும். திருகோணமலையில் அது பொய். இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடையோடு வரும். தைப்பொங்கல் கழிந்து வானம் வெளுத்து, மாசியில் விதைத்தால் அடுத்த ஐப்பசிக்குக் கன்றுக்கு எட்டு மாத வயது. அடி பெருவிரலைவிடத் தடித்து, தோல் சாம்பல் பட்டிருக்கும். தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தால் மழையைத் தாங்கிக்கொள்ளும். ஆவணியில் விதைத்தால் இரண்டே மாதம், அடி இன்னும் பச்சைத் தண்டு. ஒரு கிழமை மூட்டம் போட்டாலே போய்விடும். விதையில் பிழையில்லை, நாளில்தான் பிழை. பங்குனி, சித்திரை இன்னும் நல்லது. சூடு ஏறிக்கொண்டு போகும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் வேறு தொல்லை: விதைப் பெட்டியின் மேல்மணலை ஒரு மணித்தியாலத்தில் பொரியாக்கிவிடும். முளை வெளியே வந்து நிற்கிற நேரத்தில் ஒருதரம் காய்ந்தால் போதும், செத்துவிடும். அந்தக் காலத்தில் விதைப்பவர்கள் மேற்குப் பக்கம் கிடுகோ சாக்கோ கட்டி, பொலித்தீன் தாளை முளைக்கும் வரை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

கச்சான் காலத்தில் இலையில் ஊசி குத்தினதுபோல வெளிர்ப் புள்ளி விழுந்தால் சிற்றுண்ணி. இலைக்கு அடியில் விசையாகத் தண்ணீர் அடித்து இரண்டு நாளுக்கொருதரம் கழுவினால் குறையும். பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டும் பூச்சிக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரும், மாலையில் மட்டும். ஆனால் நாற்றுத் தட்டுக்கு உண்மையான எமன் அலரிப் புழு. விரல் பருமனில் பச்சையாக, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் வரைந்ததுபோல இருக்கும். இலையும் அதே பச்சை என்பதால் கண்ணுக்கு அகப்படாது. கீழே கிடக்கும் மிளகளவு எச்சம்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு புழு ஒரு இரவில் தட்டை மொட்டையாக்கிவிடும். பக்கத்தில் அலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி இருந்தால் அங்கேயும் தேடிப் பொறுக்குங்கள். மருந்து தேவையில்லை, கை போதும்.

மூடியில் இருக்கும் படத்துக்கு வருவோம். நீல அடீனியம் என்று ஒன்றில்லை. படத்தை நீலமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "கறுப்பு" என்பது நல்ல இருண்ட மறூன். மூன்றடுக்கு இதழ், கோடு போட்ட இதழ் எல்லாம் உண்டு, ஆனால் விதையில் தாயைப்போலவே பிள்ளை வருமென்று உறுதியில்லை. கலப்பினத்தின் விதை எந்தப் பக்கமும் போகும், பெரும்பாலும் ஒற்றையடுக்கு இளஞ்சிவப்பு. குறித்த நிறம் வேண்டுமென்றால் ஒட்டுக்கன்றுதான் வழி. "சொகோத்திரானம்" என்று எழுதிய மலிவு உறைகளிலும் கவனம். உண்மையான சொகோத்திரானம் யேமனின் சொகோத்ரா தீவுக்கே உரியது, மரமாக வளர்வது, பூக்க வருடக்கணக்கில் எடுப்பது. சந்தையில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் தாய்லாந்தில் தெரிவு செய்த குள்ள வகை. அதுவும் அழகான செடிதான், பெயருக்குத்தான் கூடுதல் காசு.

வெளிநாட்டுத் தளத்திலிருந்து கடித உறையில் நேரே வரும் விதை மலிவாகத் தெரியும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி விதை இறக்க அனுமதிப்பத்திரமும் அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாத பொதியைத் தடுத்து வைத்தால் கேட்க வழியில்லை. வந்தாலும் விதைக்கு என்ன வயது என்று தெரியாது.

விலையை ஒரு விதைக்கு இவ்வளவு என்று பார்க்காமல், மழைக்குப் பிறகு மிஞ்சும் ஒரு கன்றுக்கு இவ்வளவு என்று பாருங்கள். பத்தில் ஐந்து முளைத்து, ஒன்று அழுகி, ஒன்றைப் புழு தின்றால் கையில் மூன்று. பெட்டி விலையை மூன்றால் வகுத்து, நாற்றுமேடையில் ஒரு சாண் கன்று என்ன விலை என்று கேட்டால் விடை தெரிந்துவிடும். பூ மட்டும் வேண்டியவர்களுக்கு நாற்றுமேடைக் கன்றுதான் இலாபம். அடி பருப்பதைப் பார்க்கத்தான் ஆசையென்றால் விதை. எப்படியும் நல்ல கவனிப்பில் முதல் பூவுக்கு எட்டு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை பொறுக்க வேண்டும்.

முதல் மழைக்காலத்தில் பத்து, பதினாலு நாளுக்கு ஒருதரம் ஒரு மேசைக்கரண்டி கணக்கில்தான் தண்ணீர். இலை மஞ்சளாகி விழுந்தால் பதற வேண்டாம். அடியை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள்: முழுவதும் ஒரேமாதிரிச் சுருங்கி இறுக்கமாக இருந்தால் தாகம், ஒரு பக்கம் மட்டும் கனிந்த வாழைப்பழம்போல அமுங்கினால் அழுகல். அழுகலைக் கூரான கத்தியால் வெள்ளைச் சதை வரும் வரை செதுக்கி, கப்டானோ கறுவாத்தூளோ பூசி, மண்ணில்லாமல் நிழலில் ஒரு கிழமை, பத்து நாள் கிடத்தி, வெட்டுக் காய்ந்த பிறகு உலர்ந்த மணலில் வையுங்கள். கத்தியையும் கையையும் கழுவ மறக்க வேண்டாம். பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆபிரிக்காவில் அம்புமுனைக்குத் தடவியது இதைத்தான். சின்னப்பிள்ளை தவழும் வீட்டிலும் ஆடு நுழையும் முற்றத்திலும் சாடி மதிலுக்கு மேலே இருக்கட்டும். கோணேசர் கோயில் பக்கம் மான்கள் திரியும் தெருக்களுக்கும் இதே சொல்.

இந்தப் பெட்டிகளை ஒருதரம் வாங்கினால் போதும், பிறகு உங்கள் செடியிலேயே விதை எடுக்கலாம். ஆனால் காய்ப்பது தன்பாட்டில் நடப்பது அரிது. மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து கூம்பாகிச் சூல்முடியை மூடியிருப்பதால், ஒரு பூவின் இதழ்க்குழலைக் கிழித்துக் கூம்பின் உள்ளிருந்து ஊசிமுனையால் மகரந்தத்தைத் தோண்டி, மற்றச் செடியின் பூவில் கூம்பின் அடிப்பக்க இடுக்கு வழியாகச் செலுத்த வேண்டும். பிடித்தால் மாட்டுக்கொம்புபோல இரட்டைக் காய் வரும். முற்ற இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நிறம் மங்கி, நெடுக ஒரு கோடு தெரியத் தொடங்கினதும் காயைச் சுற்றி நூலால் நாலு இடத்தில் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் வெடித்த அன்றே கச்சான் அள்ளிக்கொண்டு போய்விடும்.